விதை நெல்லுக்குப் பூட்டா?

பத்து வருஷம் பராமரிப்போம் என்று ஊரறியச் சொல்லிவிட்டு, இரண்டே கால் வருஷத்தில் கையை விரிப்பது என்ன நியாயம்?

2020ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி உலகெங்கும் கம்ப்யூட்டர் தொழிலாளரும் விஞ்ஞானிகளும் ஒருமித்து எழுப்பிய கேள்வி இது. அன்று வெளிவந்த அறிவிப்பு சிறியதுதான். "சென்டோஸ் லினக்ஸ்" என்னும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் 8ஆம் பதிப்பு 2029 மே மாதம் வரை பராமரிக்கப்படும் என்று முன்பு கூறப்பட்டிருந்தது. அது இனி 2021 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும் என்று அந்த அறிவிப்பு கூறிற்று. ஏழு வருஷத்துக்கும் மேற்பட்ட கெடு ஒரே மூச்சில் வெட்டப்பட்டது. அதற்கு முந்திய 7ஆம் பதிப்புக்கோ 2024 ஜூன் 30 வரை ஆயுள் இருந்தது. மூத்தது உயிரோடிருக்க இளையதைப் பாடையில் ஏற்றிய வினோதம் இது!

கம்ப்யூட்டர் விவகாரம் நம் பத்திரிகையின் தலையங்கத்தில் எதற்கு என்று மில் கேட்டிலும் களத்து மேட்டிலும் தோழர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். உங்கள் சட்டைப் பையிலோ மடியிலோ இருக்கும் ஆண்ட்ராய்டு செல்போனைத் தொட்டுப் பாருங்கள். அதன் அடிப்பாகத்தில் ஓடுவது லினக்ஸ். நூறு நாள் வேலையில் உங்களை வரிசையாக நிற்கவைத்துப் படம் பிடித்து வருகை பதிந்தார்களே, அந்த ஆண்ட்ராய்டு போனிலும் அதுதான் ஓடியது. உலகத்திலேயே மிகப் பெரிய 500 கம்ப்யூட்டர்கள் என்று ஒரு பட்டியல் போடுகிறார்கள். 2017 நவம்பரிலிருந்து அந்த 500லும் லினக்ஸ்தான். நமது வாழ்வோடு இவ்வளவு பின்னிக்கிடக்கும் ஒரு பொருள் யாருடைய சொத்து, அதை மாற்றுவதற்கு யாருக்கு உரிமை என்று தெரிந்துகொள்வது உழைப்பாளி மக்களுக்கு வேண்டாத வேலையல்ல.

பழைய ஆலைகளில் ஒரே என்ஜினிலிருந்து கூரையடியில் நீண்ட ஷாப்ட் ஒன்று ஓடும். அதிலிருந்து பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வொரு மெஷினையும் சுழற்றும். ஷாப்ட் தானாக நூல் நூற்பதுமில்லை, துணி நெய்வதுமில்லை. ஆனால் ஷாப்ட் நின்றால் ஆலை நின்றது. கம்ப்யூட்டரில் ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது அந்த ஷாப்ட்.

இன்னொன்றையும் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு புரோகிராமுக்கு இரண்டு உருவம் உண்டு. மனிதர் உட்கார்ந்து எழுதுவது மூல நிரல். அதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி அரைத்துக் கொடுப்பது மற்றொரு உருவம். முன்னது விதை நெல், பின்னது அரிசி. அரிசியை ஆக்கித் தின்னலாம், விதைக்க முடியாது. அரிசியை மட்டும் விற்று விதை நெல்லைத் தன் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்கிறவனிடம் ஊர் முழுவதும் ஆண்டு தோறும் கையேந்தித்தான் நிற்க வேண்டும். பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகள் செல்வம் குவித்தது பெரும்பாலும் இந்த வித்தையினால்தான்.

இந்த வித்தைக்கு மாற்று கண்டவர் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர். 1983 செப்டம்பரில், யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமையுள்ள ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கப்போவதாக அவர் அறிவித்தார். 1989ல் அதற்கு ஒரு சாசனமும் வகுக்கப்பட்டது. ஜி.பி.எல். என்பது அதன் பெயர். ஆக்கியோனுக்கும் அவனை விலைக்கு வாங்கியோனுக்கும் சொத்துரிமை தருவதற்கென்று ஏற்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்து, அதையே பொதுச் சொத்துக்கு வேலியாக நட்டார்கள். சாசனம் சொல்வது இதுதான். இந்த நெல்லை யார் வேண்டுமானாலும் விதைக்கலாம், ரகத்தை மேம்படுத்தலாம், விளைந்ததை விலைக்கு விற்கவும் செய்யலாம். ஆனால் அரிசியை யாருக்குக் கொடுக்கிறாயோ அவருக்கு விதையையும் கொடுத்தாக வேண்டும். அவர் அதை அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதைத் தடுக்கவும் கூடாது.

1991 ஆகஸ்டில் பின்லாந்து தேசத்தில் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 21 வயது இளைஞர், தாம் ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியை எழுதி வருவதாகத் தெரிவித்தார். அடுத்த ஆண்டே அதை இந்தச் சாசனத்தின் கீழ்க் கொண்டுவந்தார். அதுவே லினக்ஸ். முகம் பாராத ஆயிரமாயிரம் பேர் பல தேசங்களிலிருந்து அதில் உழைத்தனர். எல்லாம் தர்ம வேலை என்று எண்ணிவிட வேண்டாம். இன்று மையப் பகுதியில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஏதாவதொரு கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர்களே. கம்பெனிகள் காசைப் போடுவது பரோபகாரத்துக்காக அல்ல. தனித்தனியே ஷாப்ட் செய்வதைவிட ஒரே ஷாப்டைப் பொதுவில் செய்துகொள்வது அவர்களுக்கும் மலிவு!

ரெட்ஹாட் கம்பெனி 1993ல் பிறந்தது. விதையைப் பூட்ட முடியாத சரக்கில் எப்படிக் காசு பார்ப்பது என்று கண்டுபிடித்ததுதான் அதன் சாமர்த்தியம். லினக்ஸைத் தேர்ந்து தொகுத்து, சோதித்து, பழுது பார்த்து, பல ஆண்டுகளுக்குத் திருத்தம் தருவதாகச் சந்தா வசூலித்தது. 2003ல் பொதுஜனங்களுக்கென்று வெளியிட்டு வந்த தொகுப்பை நிறுத்திவிட்டுச் சந்தாதாரர்களுக்கான பெரிய தொகுப்பில் கவனம் செலுத்தியது. மூல நிரலை மட்டும் யாரும் எடுக்கும்படி வெளியிலேயே வைத்தது. தொண்டர்கள் சிலர் அதை எடுத்து, கம்பெனியின் பெயரையும் முத்திரையையும் நீக்கிவிட்டு, தாங்களே அரைத்து 2004ல் இலவசமாக ஜனங்களுக்குக் கொடுத்தனர். சென்டோஸ் பிறந்த கதை இது.

சந்தா கட்ட வசதியில்லாத கல்லூரிகள், ஆராய்ச்சிக் கூடங்கள், சிறு கம்பெனிகள் எல்லாம் இதைப் பயன்படுத்தின. வசதி இருந்தும் கட்ட மனமில்லாத பெரிய கம்பெனிகளும் பயன்படுத்தின. அதையும் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது.

2014 ஜனவரியில் ரெட்ஹாட் வந்து சென்டோஸைக் கட்டித் தழுவிக்கொண்டது. அதை நடத்தி வந்த முக்கியமானவர்கள் சிலரைத் தன் சம்பளப் பட்டியலில் சேர்த்தது. பெயரின் உரிமையும் கம்பெனியிடம் போயிற்று. சம்பளமில்லாமல் இரவு விழித்து உழைத்து வந்தவர்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் கிடைத்தது. அதைக் குறை கூற நாம் யார்? ஆனால் அன்றைக்கே ஒரு கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். களஞ்சியத்தின் சாவி இனி யார் இடுப்பில் என்று. கேட்டவர்கள் சிலரே.

பிறகு பெரிய மீன் வந்தது. 2018 அக்டோபரில் ஐ.பி.எம். கம்பெனி 3,400 கோடி டாலருக்கு ரெட்ஹாட்டை வாங்கப்போவதாக அறிவித்தது. 2019 ஜூலையில் வியாபாரம் முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சென்டோஸ் 8 வெளிவந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில்தான் அந்த அறிவிப்பு. ஐ.பி.எம். உத்தரவால் நேர்ந்ததல்ல இது, நாங்களே எடுத்த முடிவு என்று ரெட்ஹாட் தரப்பில் கூறப்பட்டது. இருக்கட்டும். முதலாளி சொல்லி மேஸ்திரி அடித்தாலென்ன, மேஸ்திரி தானாக அடித்தாலென்ன, முதுகு ஒன்றுதானே?

இதில் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியே போதும். சிகாகோ நகருக்கு அருகே பெர்மிலாப் என்றொரு அணு ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. ஐரோப்பாவில் ஜெனிவாவில் செர்ன் என்னும் மாபெரும் ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அணுவைப் பிளந்து அதற்குள்ளிருக்கும் நுண்பொருள்களைத் தேடுகிற விஞ்ஞானிகள் அங்கே வேலை செய்கிறார்கள். இவர்களும் ரெட்ஹாட்டின் மூல நிரலை எடுத்துத் தங்களுக்கென்று "சயன்டிபிக் லினக்ஸ்" என்ற ஒன்றை 2004லிருந்து தயாரித்து வந்தார்கள். 2019 ஏப்ரலில் பெர்மிலாப் ஒரு முடிவுக்கு வந்தது. சென்டோஸ் நன்றாக நடக்கிறதே, ஒரே வேலையை இரண்டு இடத்தில் செய்வானேன். 8ஆம் பதிப்புக்குத் தனித் தயாரிப்பு வேண்டாம், எல்லோரும் சென்டோஸுக்கே போவோம் என்பது அந்த முடிவு. புத்திசாலித்தனமான முடிவுதான். சொந்த ஏரை விற்றுவிட்டு ஊர்ப் பொது ஏரை நம்பியவர்கள் அவர்கள். இருபதே மாதத்தில் பொது ஏர் போய்விட்டது. வேறு ஏற்பாடு தேடி அலைந்து, 2022 டிசம்பரில் இரண்டு கூடங்களும் சேர்ந்து ஆல்மாலினக்ஸ் என்ற புதிய தயாரிப்பை ஏற்பதாக அறிவித்தன. அதைப் பற்றிப் பின்னால் கூறுகிறோம்.

அறிவிப்பைக் கேட்டு எழுந்த கூக்குரலில் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள் என்று கூற முடியாது. "பத்து வருஷம் என்று எழுதியிருந்ததை நம்பி நூற்றுக்கணக்கான சர்வர்களை மாற்றினோம், இனி யாரை நம்புவது?" என்று கேட்டவர்களே அதிகம். அவர்களின் கோபம் இலவசம் போயிற்றே என்பதல்ல, வாக்குப் போயிற்றே என்பதுதான். வேறு சிலர், காசு கொடுக்காத உனக்கு அதிகாரமாகக் கேட்க என்ன உரிமை என்று மடக்கினர். இன்னும் சிலர், சென்டோஸுக்குப் பதிலாக வரும் "சென்டோஸ் ஸ்ட்ரீம்" உண்மையில் முன்னேற்றமே என்றனர்.

இந்தக் கடைசி வாதத்தைத் தள்ளிவிட முடியாது. பழைய சென்டோஸ் ரெட்ஹாட் முடித்துக் கொடுத்த சரக்கின் நகல். அதில் ஒரு பழுதைக் கண்டாலும் தொண்டர்கள் தங்கள் கையால் திருத்த முடியாது, ரெட்ஹாட் திருத்தும்வரை காத்திருக்க வேண்டும். ஸ்ட்ரீமோ ரெட்ஹாட்டின் அடுத்த சரக்கு உருவாகிற இடம். அங்கே வெளியாரும் திருத்தத்தைக் கொண்டுவந்து கொடுக்கலாம். நகலெடுக்கும் உரிமையைவிட, ஆக்கும் இடத்தில் பங்குபெறும் உரிமை பெரிதுதான். ஆனால் ஆஸ்பத்திரியிலும் ஆராய்ச்சிக் கூடத்திலும் சர்வர் நடத்துகிறவனுக்கு வேண்டியது முற்றிய கதிர். முற்றிக்கொண்டிருக்கும் கதிரைக் கொடுத்து, இதுவும் நெல்தானே என்றால் அவன் என்ன செய்வான்? ஸ்ட்ரீம் நல்லதென்றால் அதைப் பக்கத்திலேயே நடத்தியிருக்கலாம். பழையதை 2029 வரை ஓடவிட்டு, விரும்பியவர்கள் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். கெடுவை வெட்டியதற்கு அந்த வாதத்தில் பதில் இல்லை.

எதிர்ப்புக்குப் பலன் இல்லாமலும் போகவில்லை. 2021 பிப்ரவரி முதல், தனி நபர் ஒருவர் 16 மெஷின்வரை சந்தா இல்லாமலே ரெட்ஹாட்டின் பெரிய தொகுப்பை ஓட்டலாம் என்று கம்பெனி சலுகை அறிவித்தது. கூச்சல் எழாதிருந்தால் அவ்வளவு சீக்கிரத்தில் வந்திருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் சலுகை வேறு, உரிமை வேறு. போனஸுக்குப் பதிலாகத் தீபாவளிக்கு ஒரு பெட்டி இனிப்புக் கொடுத்த முதலாளிகளை நம் வாசகர்கள் அறிவார்கள்.

உரிமையைக் கையில் எடுத்தவர்கள் வேறு. சென்டோஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி குர்ட்சர், அறிவிப்பு வெளிவந்த அன்றே, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவோம் என்று கூறினார். சென்டோஸின் ஆரம்ப நாட்களில் உடனுழைத்துக் காலமாகிவிட்ட நண்பர் ராக்கி மெக்காவின் நினைவாகப் புதிய தயாரிப்புக்கு "ராக்கி லினக்ஸ்" என்று பெயரிட்டார். 2021 ஜூனில் அது வெளிவந்தது. அதற்கு முன்பே, மார்ச் 30ஆம் தேதி, ஆல்மாலினக்ஸ் வந்துவிட்டது. அதைத் தொடங்கியது கிளவுட்லினக்ஸ் என்ற கம்பெனிதான். வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் தருவதாகவும் சொன்னது. ஆனாலும் பெயரையும் பொறுப்பையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் லாப நோக்கமற்ற ஒரு ஸ்தாபனத்திடம் ஒப்படைத்தது. உறுப்பினர்கள் வோட்டுப் போட்டு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு அங்கே வந்தது. 2014ல் கேட்கத் தவறிய சாவிக் கேள்வியைச் சிலராவது இம்முறை கேட்டிருக்கிறார்கள்.

ஒரு கம்பெனி மூடிய கடையை, ஒரு காசு நஷ்டஈடு கொடுக்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், நாலைந்து மாதத்தில் வேறு கைகள் திறந்துவிட்டன. பூட்டிய ஆலைக்குள் மெஷின் துருப்பிடிக்க வெளியே தொழிலாளி பசியோடு காத்துக் கிடப்பதைத்தான் நாம் கண்டிருக்கிறோம். இங்கே ஆலையையே சுமந்துகொண்டு வெளியேற முடிந்தது. அதற்குக் காரணம் 1989ல் எழுதிய அந்தச் சாசனமும், விதை எல்லோருடைய கையிலும் இருந்ததும்தான்.

கம்பெனியும் இதைக் கண்டுகொண்டது. 2023 ஜூன் 21ஆம் தேதி அடுத்த அடி விழுந்தது. தனது பெரிய தொகுப்பின் மூல நிரலை இனிப் பகிரங்கமாக வைக்கப்போவதில்லை, சந்தாதாரர்கள் மட்டுமே பெறலாம், மற்றவர்களுக்கு ஸ்ட்ரீமின் மூல நிரல் போதும் என்று ரெட்ஹாட் அறிவித்தது.

சாசனத்தை மீறிவிட்டதா? அரிசி வாங்கியவருக்கு விதை கொடு என்றுதானே சாசனம்? கொடுக்கிறோமே என்கிறது கம்பெனி. அந்த அளவுக்கு அது சரி. ஆனால் சந்தா ஒப்பந்தத்துக்குள் ஒரு ஷரத்து இருக்கிறது. அப்படிப் பெற்ற விதையை வெளியே வழங்கினால் கம்பெனி உன் சந்தாவை ரத்து செய்யலாம். அதாவது, "அண்டை வீட்டாருக்குக் கொடுக்க உனக்குப் பூரண உரிமை உண்டு, கொடுத்தால் அடுத்த போகத்துக்கு என்னிடம் வராதே!" சங்கத்தில் சேரத் தொழிலாளிக்குச் சட்டப்படி உரிமை உண்டு, சேர்ந்தவனுக்கு நாளை முதல் வேலை இல்லை என்று சொல்லும் நிர்வாகத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சாசனத்தின் எழுத்து மீறப்படவில்லை என்று சட்டம் படித்தவர்கள் சிலர் வாதிக்கிறார்கள். மீறலே என்று வேறு சிலர் வாதிக்கிறார்கள். அதன் உயிர் போயிற்று என்பதே நமது அபிப்பிராயம்.

கம்பெனியின் வாதத்தையும் கேட்போம். ஆயிரக்கணக்கான பேருக்குச் சம்பளம் கொடுத்துப் பழுது பார்க்கிறோம், அதை அப்படியே எடுத்து லேபிளை மாற்றி எங்களிடமே போட்டிக்கு விற்கிறவர்களுக்கு நாங்கள் ஏன் ஊழியம் செய்ய வேண்டும் என்கிறது. உழைப்பவருக்குச் சம்பளம் என்ற பேச்சைக் கேட்டால் நமக்கும் காது நிமிர்கிறது. ஆனால் இந்த அறிவிப்புக்கு இரண்டே மாதத்துக்கு முன், 2023 ஏப்ரலில், தன் ஊழியர்களில் சுமார் நூற்றுக்கு 4 பேரை வீட்டுக்கு அனுப்பப்போவதாக அறிவித்ததும் இதே ரெட்ஹாட்தான். அதோடு, ரெட்ஹாட் விற்கும் தொகுப்பு முழுவதையும் ரெட்ஹாட் எழுதவில்லை. ஊரார் உழுத வயலில் களை எடுத்தவன் கூலி கேட்கட்டும், கொடுக்க வேண்டியதுதான். வயலுக்கே பட்டா கேட்கலாமா?

லேபிளை மாற்றி விற்கும் பெரும்புள்ளி ஒருவர் இருப்பதும் நிஜம். ஆரக்கிள் கம்பெனி 2006லிருந்து அதைச் செய்து வருகிறது. 2023 ஜூலையில் அது, லினக்ஸ் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டு ரெட்ஹாட்டையும் ஐ.பி.எம்மையும் சாடியது. சுதந்திரக் காவலனாக வந்து நிற்பவர் யாரென்று பார்க்க வேண்டாமா? 2010ல் சன் கம்பெனியை விழுங்கிய ஆரக்கிள், சன் பகிரங்கமாக வளர்த்து வந்த "ஓபன்சோலாரிஸ்" என்னும் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் கதவடைத்துக் கொன்றது. ஜாவா மொழியின் பகுதிகளைக் கையாண்டதாகக் கூகிள் மீது வழக்குப் போட்டு, பத்து வருஷத்துக்கும் மேல் இழுத்தடித்து, 2021 ஏப்ரலில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் தோற்றது. ஆடு நனைகிறதென்று அழும் ஓநாய் இது. ஜெர்மானிய சூசே கம்பெனியும் ஒரு கோடி டாலருக்கு மேல் செலவிடுவதாகக் கூறிக் களத்தில் இறங்கியது. 2023 ஆகஸ்டில் ஆரக்கிள், சூசே, குர்ட்சரின் சி.ஐ.க்யூ. மூன்றும் சேர்ந்து மூல நிரலைப் பகிரங்கமாக வைக்க ஒரு கூட்டு ஸ்தாபனம் கண்டன. முதலாளிகள் இரு கோஷ்டியாகச் சண்டையிடும்போது நடுவில் திறக்கிற கதவைப் பயன்படுத்திக்கொள்ளலாம். தவறில்லை. யாருடைய கொடியின் கீழும் போய் நின்றுவிடக் கூடாது.

ராக்கிக்காரர்கள் இன்னொரு தந்திரமும் செய்தனர். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கம்ப்யூட்டர்களில் ரெட்ஹாட் தொகுப்பு கிடைக்கிறது. வாடகைக்கு எடுப்பவருக்கும் மூல நிரல் பெறும் உரிமை உண்டு. ஆகவே அந்த வழியாகவும் விதையைச் சேகரிப்போம் என்று பகிரங்கமாகவே அறிவித்தனர். ஆல்மா வேறு பாதையில் போயிற்று. ரெட்ஹாட்டின் எழுத்துக்கு எழுத்து நகலாக இருக்கும் கொள்கையை 2023 ஜூலையில் கைவிட்டது. ரெட்ஹாட்டில் ஓடும் புரோகிராம்கள் எங்களிடமும் ஓடும், அவ்வளவு போதும், பழுதை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்றது.

அந்த மாதமே சோதனை வந்தது. "சும்மா நகலெடுக்கிறார்கள், ஒன்றும் திருப்பித் தருவதில்லை" என்பதுதானே கம்பெனியின் புகார்? வலைப்பின்னலின் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் என்ற கருவியில் ஒரு பாதுகாப்புக் கோளாறு வெளிப்பட்டது. ஆல்மா தரப்பினர் திருத்தத்தைத் தயார் செய்து, கம்பெனி சொன்னபடியே ஸ்ட்ரீமில் கொண்டுபோய்க் கொடுத்தனர். "இதைச் சரிசெய்யும் உத்தேசம் இப்போது இல்லை" என்ற பாணியில் பதில் வந்தது. விஷயம் வெளியே பரவிக் கண்டனம் எழுந்த பிறகே ஏற்றுக்கொண்டார்கள். வாசலைத் திறந்து வைத்திருக்கிறோம், வாருங்கள் என்கிறார்கள். வந்தவனை உள்ளே விடுவது வாசல்காரனின் சௌகரியத்தைப் பொறுத்தது!

கம்பெனியின் கை இல்லாத இடத்தில் மட்டும் எல்லாம் சுமுகமாக நடக்கிறதா என்று கேட்பவர்களுக்கு டெபியன் கதையைச் சொல்ல வேண்டும். 1993ல் தொடங்கிய டெபியனுக்கு முதலாளி கிடையாது. எழுதப்பட்ட அரசியல் சட்டம் உண்டு. தலைவரை வருஷா வருஷம் தேர்ந்தெடுக்கிறார்கள். பெயரின் உரிமை லாப நோக்கமற்ற ஒரு ஸ்தாபனத்திடம் இருக்கிறது. அங்கேயும் பெரும் சண்டை வந்தது. மெஷினைப் போட்டவுடன் முதலில் விழித்துக்கொண்டு மற்ற வேலைகளையெல்லாம் எழுப்பிவிடும் ஒரு புரோகிராம் உண்டு. ஆலைச் சங்கு மாதிரி. பழைய சங்குக்குப் பதிலாக 2010ல் ரெட்ஹாட் ஊழியர்கள் "சிஸ்டம்டி" என்ற புதுச் சங்கைச் செய்தார்கள். வேகமானது, வசதியானது என்றது ஒரு தரப்பு. சங்காக வந்தது வாட்ச்மேன் வேலை, கணக்கப்பிள்ளை வேலை எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்கிறது, நாளை இதை விட்டால் வேறு கதியில்லை என்றாகிவிடும் என்றது மறு தரப்பு. 2014 பிப்ரவரியில் எட்டுப் பேர் கொண்ட தொழில்நுட்பக் குழு சரிபாதியாகப் பிளந்தது. தலைவரின் தனி வோட்டால் புதுச் சங்கு வென்றது. நவம்பரில் டெபியன் உறுப்பினர் அனைவரும் வோட்டுப் போட்டனர். இதற்கென்று தனித் தீர்மானம் எதுவும் வேண்டியதில்லை என்பதே முடிவாயிற்று. மனம் கசந்து பல காலம் உழைத்தவர்கள் சிலர் விலகினர். வேறு சிலர் பிரிந்துபோய் "டெவுவான்" என்ற பெயரில் பழைய முறையையே வைத்து நடத்தினர். 2017 மே மாதம் அதன் முதல் முழுப் பதிப்பு வந்தது. 2019 டிசம்பரில் டெபியன் அதே விவகாரத்தை மறுபடி வோட்டுக்கு விட்டது.

கசப்பில் இந்தச் சண்டை சென்டோஸ் சண்டைக்குச் சற்றும் குறைந்ததல்ல. பேசிய பேச்செல்லாம் நாகரிகமானது என்றும் கூற முடியாது. ஆனால் தோற்றவனுக்கு எத்தனை வோட்டில் தோற்றோம் என்று தெரியும். மறுபடி கொண்டுவரவும் வழி இருந்தது, கொண்டும் வந்தார்கள். சென்டோஸ் 8ஐ நம்பியிருந்தவர்களுக்கு அறிவிப்புக் கிடைத்தது. அபிப்பிராயம் சொல்லும் சுதந்திரம் இருந்தது, சொன்னார்கள். அதை எண்ணுவதற்குத்தான் அங்கே பெட்டி இல்லை.

2025 மே மாதம் ரெட்ஹாட் தனது தொகுப்பின் 10ஆம் பதிப்பை வெளியிட்டது. சற்றுப் பழைய சிப் உள்ள கம்ப்யூட்டர்களில் அது ஓடாது. கழித்துக் கட்டு, புதிது வாங்கு என்பதுதான் அதன் பொருள். அதே மாதம் ஆல்மாவின் 10ஆம் பதிப்பும் வெளிவந்தது. கம்பெனி கைகழுவிய அந்தப் பழைய மெஷின்களுக்கென்று தனியாக ஒரு பதிப்பையும் அவர்கள் அரைத்துக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்திலோ சங்க ஆபீசிலோ மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் இன்று அதைப் போட்டு ஓட்டலாம்.